கால் ஊன்றினால்தான் கை எழுதும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்து ஒரே அறையில் 31 பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் மாற்றுத்திறனாளிகள். மூளை முடக்குவாதம் உள்ள பெண்பிள்ளையைப் பாட்டி இடுப்பில் தூக்கிவந்து விடுகிறார். கேட்டால் சரியாகப் பதில் சொல்வாள், எழுதத்தான் வராது. பதினொரு மணிக்கே சோர்ந்துவிடுகிறாள். ஒரு பையனுக்குக் காது கேட்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள், அது பைக்குள்ளேயே கிடக்கிறது. இன்னொருவனுக்கு அறிவுசார் குறைபாடு. நாள் முழுக்கப் படம் வரைந்துகொண்டிருப்பான். இவர்கள் சிறப்புப் பள்ளிக்குப் போவதுதான் நல்லதோ? மற்ற பெற்றோரும் “எங்க பிள்ளைங்க படிப்பு கெடுது” என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

சிறப்புப் பள்ளியா, உங்கள் பள்ளியா என்பது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான பிள்ளை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. கருவி மாட்டியும் பேச்சு பிடிபடாத பிள்ளைக்கு, சைகை மொழி பேசும் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பது நல்லது என்பேன். நீங்கள் எழுதியிருக்கும் மூவருக்கும் உங்கள் அறையே போதும். அவர்களைத் தடுப்பவற்றில் பாதிக்கு மேல் பாடத்துக்கு வெளியே இருக்கின்றன. அவற்றை முதலில் கவனியுங்கள்.

பெண்பிள்ளை பெஞ்சில் உட்காரும்போது பாதம் தரையில் படுகிறதா? கால் தொங்கிக்கொண்டிருந்தால், விழாமல் இருப்பதற்கே தோளும் கையும் விறைத்துக்கொள்ளும். அந்தக் கையால் பென்சில் பிடிக்க முடியாது. சாக்கு சுற்றிய செங்கல் ஒன்றோ இரண்டோ காலடியில் வையுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடிய வேண்டும். பெஞ்சு அகலமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை. தொடைகள் ஒன்றோடொன்று இறுகினால் முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டு. மேசை அவள் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். தரையில் உட்கார்ந்து பாடம் நடக்கும்போது, இரண்டு பக்கச் சுவரும் தோளைத் தாங்கும்படி அறை மூலையில் உட்கார வையுங்கள். பாதங்களை இரண்டு பக்கமும் பின்னால் விரித்து உட்காரும் பழக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள், அது இடுப்பு மூட்டைக் கெடுக்கலாம். நோட்டு நகராதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். பென்சில் மேல் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினால் பிடி கிடைக்கும். அரைமணிக்கு ஒருமுறை நிலை மாற வேண்டும். இவ்வளவு செய்தும் எழுத்து மெதுவாகத்தான் வரும். பத்துக் கணக்கில் மூன்றை எழுதட்டும், மிச்சத்தை வாயால் சொல்லட்டும். அதற்கும் முழு மதிப்பெண் போடுங்கள்.

பதினொரு மணிச் சோர்வுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். கழிப்பறைக்குப் போக வழியில்லாத பிள்ளைக்குக் காலையில் வீட்டிலேயே தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவார்கள். பிள்ளையும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாள். வேலூர் வெயிலில் அது தலைவலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று வரை கொண்டுபோகும். உடம்பில் வேதனை இருந்தால் தசை இறுக்கமும் கூடும். உட்காரும் இடத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கழிப்பறைப் பீங்கான் மேல் ஆடாமல் நிறுத்துங்கள். பக்கச் சுவரில் ஓர் அங்குல ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடியாகப் பதியுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். காலை இடைவேளை, மதியச் சாப்பாடு என்று இரண்டு வேளை கட்டாயம் போகட்டும். உடன் போவது பாட்டியோ பணியாளர் அம்மாவோ என்று பெற்றோரோடு பேசி முடிவுசெய்யுங்கள். இந்த வேலையைச் சக மாணவிகளிடம் விடாதீர்கள்.

சாய்தளம் கட்டப் பணம் வந்தால் ஒரு கணக்கை மேஸ்திரியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், நாலடி அகலம், மேலும் கீழும் ஐந்தடிச் சமதளம். இடமில்லை என்று நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாகக் கட்டிவிட்டால் சக்கர நாற்காலி பின்னுக்கு உருளும். வழவழப்பான டைல்ஸும் வேண்டாம்.

அடுத்து, பைக்குள் கிடக்கும் கருவி. பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று முடிவுகட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். கருவி ‘கீ’ என்று கூவினால், காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கலாம். காது வளர வளர அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும், இந்த வயதில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது. சத்தமே இல்லையென்றால் பேட்டரியைப் பாருங்கள். அது ஒன்றிரண்டு வாரத்தில் தீரும். புதுப் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். வியர்வை ஈரமும் கருவியைக் கெடுக்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.

தினமும் காலையில் ஒரு சோதனை. அவன் பின்னால் நான்கைந்து அடி தள்ளி நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்று கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் கருவியையோ காதையோ பார்க்க வேண்டும். கருவி மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் விசிறிக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். முன்வரிசை ஓரத்தில், நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வைத்தால் மற்ற பிள்ளைகளின் முகத்தையும் பார்ப்பான். கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேச வேண்டாம். பின்வரிசையில் ஒருத்தி பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். உரக்கக் கத்தினால் ஒலி சிதையும், தெளிவு வராது.

மூன்றாமவனுக்கு ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து ஓரத்தில் உட்கார வைப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. அல்லது கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதுவான். ஓர் எழுத்தும் வாசிக்க வராது, நோட்டு மட்டும் நிறைந்திருக்கும். பாடம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அவனிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறீர்களே, அதையே இன்னும் ஒரு படி இறக்கினால் போதும். உங்கள் ஊரில் மருந்து தோய்க்காத தீக்குச்சிக்குக் குறைவில்லை. மற்றவர்கள் 346உம் 278உம் கூட்டும்போது, அவன் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டு அந்தக் குழுவுக்குத் தரட்டும். அவர்களுக்கும் அந்தக் கட்டு தேவை, அவனுக்கு எண்ணுவது பாடம். ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு வேலை. ஒரே செயலை ஒரே முறையில் பல நாள் செய்ய வேண்டும். மூன்று மாத இலக்கை ‘கணக்கில் முன்னேறுவான்’ என்று எழுதினால் அதை அளக்க முடியாது. ‘பத்துக் குச்சியை உதவியின்றி எண்ணித் தருவான்’ என்று எழுதுங்கள்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாளில் மூவரையும் அவரிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தால் மிச்ச நாட்கள் மாறப்போவதில்லை. அடுத்த வாரப் பாடத்தை அவர் முன் விரித்து, மூவருக்கும் என்ன கேள்வி, என்ன பொருள் என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். பிறகு அவர் உங்களோடு அதே வகுப்பில் பாடம் எடுக்கட்டும்.

மற்ற பெற்றோரைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து இதையெல்லாம் காட்டுங்கள். நீங்கள் முகம் பார்த்துப் பேசுவதும், பதிலைத் திருப்பிச் சொல்வதும், குச்சிக் கட்டும் அவர்கள் பிள்ளைகளுக்கும் உதவுபவைதான். ஆனால் இந்த மூவரும் அந்த அறையில் இருப்பது யாரும் போட்ட பிச்சை அல்ல, சட்டம் தந்த உரிமை. அதைக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் உண்டு, பாட்டியிடம் கேட்டு வையுங்கள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மூவருக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். உதவித்தொகைக்கும், பின்னால் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் ஆகியவற்றுக்கும் சான்று வேண்டும். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. முகாம் தேதியையும் கொண்டுவர வேண்டிய தாள்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

முகாமில் சக்கர நாற்காலி தருகிறார்கள் என்றால் பெரியவர்கள் அளவில் வாங்கி வந்துவிடாதீர்கள். அதில் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தே முதுகெலும்பு வளையும். இயன்முறை மருத்துவர் வருவதற்குள், அந்தப் பெண்பிள்ளையை நேராக உட்கார வைத்து நான்கு அளவு எடுத்து வையுங்கள்: இடுப்பின் அகலம், இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து குதிகால் வரை, உட்காரும் இடத்திலிருந்து முழங்கை வரை.