பேட்டரி இல்லாத கேஸ் லைட்டரில் தீப்பொறி எப்படி வருகிறது? அமுக்கினால் மின்னழுத்தம் தரும் பீசோ பொருட்கள் வேறு எங்கெல்லாம் பயன்படுகின்றன?

வேலை செய்யாமல் போன ஒரு லைட்டரைப் பிரித்துப் பார்த்த நாளில்தான் எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் பிடித்தது. உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு முரட்டு ஸ்பிரிங், ஒரு சின்ன உலோகச் சுத்தியல், அதற்கு எதிரே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பீங்கான் உருளை, அதிலிருந்து ஒரு கம்பி. அவ்வளவுதான். பொத்தானை அழுத்த அழுத்த ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிடி விடுபட்டு, சுத்தியல் பாய்ந்து உருளையின் தலையில் அடிக்கும். நமக்குக் கேட்கிற 'டக்' சத்தம் அந்த அடிதான்.

காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். லைட்டர் முனையில் பொறி சில மில்லிமீட்டர் தாவுகிறது. அப்படியானால் அந்த ஒரே அடியில் 10,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் பிறக்கிறது என்று அர்த்தம். கம்பியில் என் விரல் பட்டபோது சுள்ளென்று இழுத்தது. ஆனால் வெளிவரும் மின்னூட்டம் மிகக் குறைவு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தீர்ந்தும் விடுகிறது. அதனால்தான் அந்த அதிர்ச்சி வலியோடு நின்றுவிடுகிறது.

அடித்தால் ஏன் மின்சாரம் வரவேண்டும்? ஓர் அறுகோணத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஆறு மூலைகளிலும் நேர், எதிர், நேர், எதிர் என்று மாற்றி மாற்றி மின்னூட்டங்களை வையுங்கள். குவார்ட்ஸ் படிகத்தில் சிலிக்கானும் ஆக்சிஜனும் அமைந்திருப்பதன் எளிய வடிவம் இது. மூன்று நேர் மின்னூட்டங்களின் மையமும் மூன்று எதிர் மின்னூட்டங்களின் மையமும் நடுவில் ஒரே புள்ளியில் விழுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது மேல் மூலையையும் கீழ் மூலையையும் பிடித்து அமுக்குங்கள். மேலே இருக்கும் நேர் கீழே இறங்குகிறது, கீழே இருக்கும் எதிர் மேலே ஏறுகிறது. இரண்டு மையங்களும் விலகிவிடுகின்றன. கோடானுகோடி அறுகோணங்களில் ஒரே திசையில் இந்த விலகல் நடக்கும்போது படிகத்தின் ஒரு முகம் நேராகவும் மறுமுகம் எதிராகவும் மாறுகிறது. சாப்பாட்டு உப்பின் படிகத்தை எப்படி அமுக்கினாலும் இது நடக்காது. அதில் ஒவ்வொரு அயனியைச் சுற்றியும் எல்லாப் பக்கமும் சமச்சீராக இருப்பதால் மையங்கள் விலக வழியே இல்லை.

இதை 1880இல் பாரிஸில் கண்டுபிடித்தவர்கள் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள். பியருக்கு அப்போது 21 வயது. குவார்ட்ஸ், டூர்மலின், கரும்புச் சர்க்கரைப் படிகம் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே லிப்மன் என்ற இயற்பியலாளர், அமுக்கினால் மின்னழுத்தம் வருமென்றால் மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியவும் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதித்து உறுதி செய்தார்கள். அன்றாடப் பயன்களில் பாதிக்கு மேல் இந்தத் திருப்பி ஓடும் குணத்தில்தான் இருக்கின்றன.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. மின்சாரம் தருவது அழுத்தம் அல்ல, அழுத்தத்தில் ஏற்படும் மாற்றம். வாழ்த்து அட்டைகளிலும் அலாரம் கடிகாரங்களிலும் இருக்கும் வட்டமான பித்தளை பஸ்ஸர் தகட்டை எடுங்கள். நடுவில் வெள்ளிப்பூச்சோடு இருக்கும் வெளிர் வட்டம்தான் பீசோ பீங்கான். அதில் இரண்டு எல்இடிகளை ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைத்து, இருட்டில் வைத்து விரலால் சட்டென்று அமுக்குங்கள். ஒரு எல்இடி மின்னும். அமுக்கியபடியே இருங்கள், ஒன்றும் நடக்காது. விரலை எடுங்கள், மற்ற எல்இடி மின்னும். அமுக்கும்போது ஒரு திசையில் ஓடிய மின்னூட்டம் விடும்போது திரும்பி ஓடுகிறது. முதல் முறை பார்த்தபோது நான் அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். எடை பார்க்கும் மின்னணுத் தராசில் பொதுவாக பீசோ இல்லாததற்கும் காரணம் இதுதான்: ஏறி அசையாமல் நிற்கிற ஆளின் எடையை அதனால் தொடர்ந்து சொல்ல முடியாது.

எல்இடியை இணைக்க ஈயப்பற்று வைக்கும்போது (சால்டர்), சூடான சால்டரிங் கோலை பஸ்ஸர் தகட்டின் வெள்ளிப்பூச்சில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். லைட்டரிலும் பஸ்ஸரிலும் இருப்பது பெரும்பாலும் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான். சூடாக்கி, வலுவான மின்புலத்தில் வைத்துத்தான் அதன் உள் அமைப்பை ஒரே திசைக்குத் திருப்புகிறார்கள். அளவுக்கு மீறிய சூடு பட்டால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். நான் ஒரு நல்ல தகட்டை இப்படித்தான் வீணாக்கினேன்.

கைக்கடிகாரத்தில் வேலை செய்வது குவார்ட்ஸ். அதை இசைக்கவை போல இரண்டு கிளையாக வெட்டி, மின்சாரம் கொடுத்து அதிர வைக்கிறார்கள். நொடிக்கு 32,768 முறை அதிரும். விசித்திரமான எண்ணாகத் தெரியலாம். 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது அது. மின்சுற்று அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு மிஞ்சும், முள் நகரும்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது வயிற்றில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் ஒரே பீங்கான்தான் வாயும் காதும். மின்துடிப்பு கொடுத்ததும் அது அதிர்ந்து, நொடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை உடலுக்குள் அனுப்புகிறது. பிறகு அடங்கிக் காத்திருக்கிறது. எதிரொலி வந்து அமுக்கும்போது மின்னழுத்தம் தருகிறது. உடலில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பிவர ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு போதும். இந்தச் சிறு தாமதங்களிலிருந்துதான் திரையில் குழந்தையின் முகம் உருவாகிறது.

கார் பின்னால் போகும்போது பீப் அடிக்கும் சென்சார், கிட்டார் பிக்கப், சில இங்க்ஜெட் பிரிண்டர்களின் தலை, தண்ணீரை மூடுபனியாக்கும் ஈரப்பதக் கருவி எல்லாம் இதே கதைதான்.

நடந்தாலே கரண்ட் தரும் தரை பற்றி அடிக்கடி படிப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 கிலோ மனிதரின் எடை ஏறக்குறைய 700 நியூட்டன். தரை ஒரு மில்லிமீட்டர் அமுங்கினாலும் ஓர் அடிக்கு 0.7 ஜூல் தான். நொடிக்கு இரண்டு அடி, துளிகூட வீணாகவில்லை என்று வைத்தாலும் 1.4 வாட். ஒரு 10 வாட் பல்புக்கு ஏழு பேர் நிற்காமல் நடக்க வேண்டும். நிஜத்தில் பீங்கான் அவ்வளவு அமுங்காது, கிடைப்பது இதைவிட மிகக் குறைவு. பேட்டரி மாற்ற முடியாத இடத்தில் இருக்கும் ஒரு சின்ன சென்சாருக்கு அது போதும். வீட்டுக்கு விளக்கேற்றப் போதாது. அந்தத் தரைமேல் ஆயிரம் பேர் அசையாமல் நின்றால் எதுவுமே கிடைக்காது.