பல் சிகிச்சைக்கு முன் கொரோனா டெஸ்ட்: கொரோனா பரவிய காலத்தில் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: டாக்டர், நேற்று எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ். ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகும் இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: மதிப்பு இருக்கிறது, ஆனால் அது மூக்கில் குச்சி விட்ட அந்த நேரத்து நிலவரத்தை மட்டும்தான் சொல்லும். 2020ல் பரவிய வகையில் கிருமி தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய பெரும்பாலும் 5, 6 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரை இழுத்தது. இதில் முதல் சில நாட்கள் எந்த டெஸ்ட்டிலும் சிக்காது. அறிகுறி தொடங்கிய அன்றே எடுத்தால்கூட மூன்றில் ஒருவருக்கு மேல் நெகட்டிவ் என்று தவறாக வரலாம் என 2020ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. உங்கள் வீட்டில் ஒருவர் முந்தாநாள் காய்ச்சலில் படுத்தார் என்றால், எனக்கு உங்கள் நெகட்டிவை விட அந்தச் செய்தி முக்கியம். தயவுசெய்து மறைக்காதீர்கள், உங்கள் தலைமாட்டில் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளருக்கும் குடும்பம் இருக்கிறது.

கேள்வி: வாசலில் நெற்றியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது போதாதா?

பதில்: போதாது. பல்வலியோடு வருகிறவர் பாராசிட்டமால் போடாமல் வருவதே அபூர்வம், காய்ச்சல் இருந்தாலும் அது இறக்கிவிட்டிருக்கும். மறுபக்கம், பல் வேரில் சீழ் கட்டினாலும் காய்ச்சல் வரும், அவரைக் கொரோனா என்று பயந்து திருப்பி அனுப்பினால் அது பெரிய தவறு. அதனால்தான் கடைசியாக மாத்திரை எப்போது போட்டீர்கள் என்று கேட்கச் சொல்கிறேன்.

கேள்வி: நான் கிளினிக்கில் உதவியாளர். எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்துத்தான் உள்ளே விடுகிறோம். இனி நுண்துளிகளை வடிகட்டும் என்-95 மாஸ்க் போடாமல் சாதா மாஸ்க் போதும் என்கிறார் எங்கள் டாக்டர். சரியா?

பதில்: சரியில்லை. நீங்கள் அவரிடம் இதைக் காட்டியே பேசலாம். டெஸ்ட் எடுப்பது யாரை இன்று பார்ப்பது, யாரைத் தள்ளிப்போடுவது என்று பிரிப்பதற்கு, பாதுகாப்பைக் குறைப்பதற்கு அல்ல. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்போது, அதைக் குளிர்விக்கப் பீய்ச்சும் தண்ணீர் எச்சிலோடு கலந்து புகையாக எழும், பல்லில் படிந்த காரையை எடுக்கும் ஸ்கேலிங் கருவியும் அப்படித்தான். விளக்கு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் அந்தப் புகை உங்கள் கண்ணாடியில் பொடிப் பொடியாகப் படிவது தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் அதற்குப் பிறகும் அறையில் மிதக்கும். ஒரு மணி நேரத்தில் 12 முறை காற்று மாறும் அறையில் அதில் 99 சதவீதம் வெளியேற சுமார் 23 நிமிடம், 6 முறைதான் மாறும் என்றால் 46 நிமிடம். இதெல்லாம் காற்று ஒழுங்காகச் சுழலும் அறைக்கான கணக்கு, ஜன்னல் இல்லாமல் ஏசி மட்டும் ஓடும் அறைக்கு இந்த அளவு போதாது. ரப்பர் டேம் (சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டினால், வலுவான சக்‌ஷனை வாய்க்குப் பக்கத்திலேயே பிடித்தால், கிளம்பும்போதே பெருமளவு அடங்கும். எச்ஐவி வந்த 1980களிலும் இதே கேள்விதான் எழுந்தது, எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று. எல்லோரையும் தொற்று உள்ளவராகவே நினைத்துக் கையுறையும் முகக்கவசமும் போடுவது என்றுதான் முடிவாயிற்று. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் முழு நம்பிக்கை உண்டு.

கேள்வி: ஆன்டிஜென் டெஸ்ட்டா, ஆர்டி-பிசிஆரா? (பல் மருத்துவ மாணவி)

பதில்: நேரம் இருந்தால் பிசிஆர். வலியில் துடிப்பவர் நாற்காலியில் இருந்தால் ஆன்டிஜென், கால் மணி, அரை மணியில் முடிவு தெரியும். வைரஸ் அதிகமாக இருப்பவரை அது பெரும்பாலும் பிடித்துவிடும், குறைவாக இருப்பவரைத் தவற விடும். பாசிட்டிவ் என்றால் நம்புங்கள், நெகட்டிவ் என்றால் ஜாக்கிரதையை விடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கொரோனா வந்து ஒரு மாதம் ஆகிறது, உடம்பு தேறிவிட்டது, ஆனால் டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ். ரூட் கெனால் பாதியில் நிற்கிறது.

பதில்: பிசிஆர் செத்த வைரஸின் துண்டுகளையும் கண்டுபிடிக்கும், சிலருக்கு 3 மாதம் வரைகூட அப்படி வரும். லேசாக வந்து போனவர், அறிகுறி தொடங்கி 10 நாள் கழிந்து, மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாளாவது ஆகியிருந்தால், பொதுவாக அவரிடமிருந்து பரவாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு மறுபடி டெஸ்ட் வேண்டாம், தேதிகளைச் சொல்லிப் போய் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்களே, அதில் கிருமி செத்துவிடுமா?

பதில்: பொவிடோன் அயோடின் மாதிரியான கிருமிநாசினிகள் எச்சிலில் உள்ள வைரஸைக் கொஞ்ச நேரத்துக்குக் குறைக்கலாம், அவ்வளவுதான். மூக்கிலும் தொண்டையிலும் உள்ளதை அது தொடாது. தைராய்டு கோளாறு, கர்ப்பம், அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பாசிட்டிவ், நேற்றிலிருந்து தாடை வீங்கியிருக்கிறது. கிளினிக்கில் 10 நாள் கழித்து வரச் சொல்கிறார்கள்.

பதில்: வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் இறங்குகிறதா, வாய் திறக்க முடிகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் சிக்கல் என்றாலும், மூச்சு விடச் சிரமப்பட்டாலும் 10 நாள் பேச்சே கிடையாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி, பாசிட்டிவ் என்று போகும் வழியிலேயே போனில் சொல்லிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், வீக்கம் இருப்பதால் இன்றே ஒரு பல் மருத்துவரிடம் வீடியோவில் காட்டி மருந்து வாங்குங்கள். இரவில் இரண்டு முறையாவது எழுந்து கழுத்தைப் பாருங்கள்.