எட்டு மாதக் குழந்தையின் இருமலுக்கு மலைத்தேன் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் தேனி மாவட்டம் கூடலூர். எட்டு மாத மகனுக்கு நாலு நாளாகச் சளி, இருமல். கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். நாலு வயது மூத்தவளுக்கு அது நன்றாகக் கேட்கிறது. குமுளி மலைப்பாதையில் 600 ரூபாய்க்கு வாங்கிய மலைத்தேன் சுத்தமானதா என்றுதான் சந்தேகம். எப்படிச் சோதிப்பது?

பதில்: சோதிக்கவே வேண்டாம் அம்மா. ஒரு வயது முடியும்வரை மகனுக்குத் தேன் கூடாது. கலப்படத் தேன் மட்டுமல்ல, கண்ணெதிரே அடையைப் பிழிந்து கொடுத்தாலும் கூடாது.

தேனில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் வயிற்றில் அவை முளைக்காமல் போய்விடும். கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் மூச்சு விடும் தசைவரை தளர்த்திவிடும். சூடாக்கிக் கொடுத்தாலும் பயனில்லை, கொதிக்கிற சூட்டுக்கு அந்த வித்து சாகாது. ஏற்கெனவே ஒரு சொட்டு போயிருந்தால் பதற வேண்டாம், ஒரு மாதம் கவனியுங்கள். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்சத் திணறல், இமை சொருகல், கழுத்து தொங்கல் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பக்கம் பிறந்ததும் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தொட்டுச் சேனை வைக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் பொன்னும் வசம்பும் தேனில் இழைத்து நாக்கில் தடவுகிறார்கள். வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்லி என்ன ஆகும்? பிரசவம் முடிந்து அனுப்பும்போது கத்தை கத்தையாகக் காகிதம் கொடுக்கிறோம், கையெழுத்து வாங்குகிறோம், தேன் வேண்டாம் என்று ஒரு வரி சொல்ல ஆளில்லை. டாக்டர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, அந்த 600 ரூபாய்க்கு வருவோம். பாட்டிலுக்குள் ஒரு துண்டு தேனடை மிதந்ததா? அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வெல்லப்பாகில் போட்டாலும் அடை மிதக்கும். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்கும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்று வியாபாரி காட்டும் வித்தை எதுவும் சோதனையே அல்ல. கெட்டிப் பாகும் அடியில்தான் போய் நிற்கும், நல்ல தேனிலும் எறும்பு ஏறும். 2020-இல் டெல்லியில் உள்ள சிஎஸ்இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு ஆராய்ந்தபோது, வழக்கமான ஆய்வகச் சோதனைகளையே ஏய்க்கும் சர்க்கரைப் பாகுகள் பெயர்பெற்ற கம்பெனித் தேன்களிலும் இருப்பது தெரியவந்தது. ஆய்வகமே ஏமாறும்போது, தேனில் தோய்த்துக் கொளுத்திப் பார்க்கும் உங்கள் வீட்டுத் தீக்குச்சி என்ன கண்டுபிடிக்கும்?

மூத்தவளுக்குத் தேன் கொடுக்கலாம். இரவு படுக்கும் முன் அரை டீஸ்பூன் தொண்டைக்கு இதம், இருமலும் குறையும். ஆனால் வயதில் ஒரு குழப்பம் வருகிறது. நம் வீடுகளில் எட்டு மாதப் பிள்ளையையே 'ஒரு வயசு நடக்குது' என்பார்கள். நடக்கிற வயது கணக்கில் வராது. பதினோரு மாதம் ஆகட்டும், பத்து நாளில் பிறந்தநாள் வரட்டும், அதுவும் ஒரு வயது ஆகாது. முதல் பிறந்தநாள் கொண்டாடி முடித்த பிறகுதான் தேன்.

சின்னவனுக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். கற்பூரவல்லிச் சாறும் அவசியமில்லை, அதன் காரத்தில் புரையேறி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சி நெஞ்சில் தேய்க்காதீர்கள், குழந்தைக்கு வலிப்பு வரலாம். கடைக்காரர் எடுத்துத் தரும் இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எழுதக்கூடாது என்று மத்திய அரசே சொன்னது. சொல்லி என்ன, கேட்டவுடன் எடுத்து நீட்டும் கடைகள் இன்னமும் இருக்கின்றன.

இன்றிரவு அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். ஐம்பதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.