பிஎஸ்5 அலுத்துப்போனவருக்கு

வணக்கம் நண்பரே. 34 வயது, சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, ஆசையாக வாங்கிய பிஎஸ்5 கேம் கன்சோலில் எந்த கேமைப் போட்டாலும் இருபது நிமிடத்தில் அணைத்துவிடுகிறேன், எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நானும் கடலூர்தான், இதைத் தாண்டி வந்தவன்.

அப்போதெல்லாம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு பேர் காசு சேர்த்து ஒரு மணி நேரம் வைஸ் சிட்டி என்ற கேம் ஆடுவோம். ஒருவன் கையில் கீபோர்டு. மற்ற மூன்று பேரும் அவன் தோளில் தொங்கிக்கொண்டு "லெஃப்ட்ல போடா" என்று கத்துவோம். டபிள்யூ பட்டனில் எழுத்தே தேய்ந்து போயிருக்கும். கதை என்னவென்று எவனுக்கும் தெரியாது. அந்தக் கூட்டம்தான் சுகம்.

இப்போதைய பெரிய கேம்கள் வேறு கணக்கு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்குக் கணினியில் 150 ஜிபி இடம் வேண்டும். கதை மட்டுமே சுமார் 50 மணி நேரம். நைட் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு அது இன்னொரு வேலை. நாலு நாள் விட்டுத் திறந்தால் எந்தப் பட்டன் எதற்கென்றே மறந்திருக்கும்.

சின்னதாக ஆரம்பியுங்கள். 2019-இல் வந்த எ ஷார்ட் ஹைக் இரண்டு மணி நேரத்தில் முடியும். ஒரு பறவை மலை ஏறுகிறது, அவ்வளவுதான். அப்புறம், 2021-இல் வந்த இட் டேக்ஸ் டூ. இருவர் சேர்ந்தால்தான் ஆடவே முடியும். ஞாயிறு மதியம் என் மச்சானோடு அதை ஆடியபோதுதான் பழைய கத்தல் எனக்குத் திரும்பி வந்தது.

ஒன்று மட்டும். சாப்பாடு, தூக்கம், சில்வர் பீச்சில் நடப்பது என எதிலுமே மனசு ஒட்டவில்லை என்றால், தயங்காமல் ஒரு டாக்டரைப் பாருங்கள்.