மூன்று மாதம் எழுதாமல் இருக்கலாம், காசை மட்டும் முதலில் நிறுத்துங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: நான்கு வருடமாக சப்ஸ்டாக் என்ற மின்மடல் தளத்தில் வாரம் ஒரு தமிழ் மின்மடல் எழுதுகிறேன். 1,400 பேர் பெறுகிறார்கள். 90 பேர் சந்தா கட்டுகிறார்கள், பெரும்பாலும் கனடா, லண்டன்காரர். சந்தாக் காசை வாங்கித் தரும் ஸ்ட்ரைப் கணக்கு ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் பெயரில் இருக்கிறது. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை, எனக்கும் களைப்பு. மூன்று மாதம் நிறுத்தினால் வாசகர்கள் போய்விடுவார்களா? தெரிந்தவர் ஒருவர், "பாஸ்வேர்டைத் தாங்கோ, நான் நடத்தித் தாறன்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாசகர்கள் போக மாட்டார்கள். ஓய்வு எடுக்கிறேன் என்று நீங்கள் எழுதும் அன்று சிலர் விலகுவார்கள். அவர்கள் பல மாதமாகத் திறக்காமல் வைத்திருந்தவர்கள்தான், மனம் தளர வேண்டாம். மடல் வராத கிழமையை எழுதுகிறவர் உணரும் அளவுக்கு வாசிக்கிறவர் உணர்வதில்லை. வாசகருக்குக் கோபம் வருவது வங்கி அட்டையில் காசு கழியும்போது.

உங்களைப் போல மின்மடல் எழுதும் ஒரு தம்பி பம்பலப்பிட்டியில் தேநீர்க் கடையொன்றில் வைத்துத் தன் போனை என்னிடம் நீட்டினார். லண்டன் வாசகர் அனுப்பிய ஸ்கிரீன்ஷொட். மூன்று மாதம், மூன்று தடவை ஐந்து பவுண், ஒன்றன்கீழ் ஒன்றாக. அதற்குக் கீழே, "தம்பி, மடலைக் காணேல்லை, காசு மட்டும் ஒழுங்காப் போகுது." இவர் கடைசி மடலில் "சிறு இடைவெளி" என்று அழகாக எழுதியிருந்தார். கட்டணத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தவில்லை. அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்படிப்பட்ட வாசகர்கள் தங்கள் வங்கியில் முறையிட்டால், கழித்த காசும் அதற்கு மேல் ஒரு தண்டமும் ஸ்ட்ரைப் கணக்கிலிருந்து போகும். முறைப்பாடு கூடினால் கணக்கையே மூடிவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் அது மச்சாளின் பெயர்.

அதனால் முதல் வேலை, சப்ஸ்டாக் அமைப்புகளில் கட்டணப் பகுதிக்குப் போய்ச் சந்தாவை இடைநிறுத்துவது. மாதச் சந்தாக்காரருக்குக் காசு கழியாது. ஆண்டுச் சந்தாக்காரருக்கு நிறுத்திய காலம் முடிவில் சேரும். அதைச் செய்த பிறகுதான் அறிவிப்பு மடல்.

ஆண்டுச் சந்தாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பெப்ரவரியில் முடிய வேண்டிய சந்தா மே மாதம் முடியும், கணக்குச் சரி. ஆனால் போன கிழமை கட்டியவர்? அவர் இப்போது வாசிக்கத்தான் கட்டினார். கடந்த ஒரு மாதத்தில் கட்டியவர்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள்: "காத்திருப்பீர்களா, திருப்பித் தரவா?" திருப்பிக் கொடுத்தாலும் ஸ்ட்ரைப் தான் எடுத்த கட்டணத்தை மீளத் தராது. அந்த நட்டம் உங்களுடையது, ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொரு வகையும் உண்டு. மகள் ஸ்காபரோவில் கட்டுவாள், தாய் யாழ்ப்பாணத்தில் வாசிப்பார். உங்கள் மடல் தாய்க்கு மட்டும்தான் போகும். கட்டியவருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

மச்சாள் பெயரில் ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குக் கொடுப்பதில்லை. மேடைக்கு மேடை டிஜிட்டல் பொருளாதாரம் என்கிறார்கள். கொழும்புக் காலி வீதியில் இருந்துகொண்டு எழுதுகிறவள் தன் உழைப்பின் ஐந்து டொலரை வாங்க ரொறன்ரோவில் ஒரு சொந்தக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

இந்த ஓட்டைக்குள்தான் தரகர்கள் புகுந்திருக்கிறார்கள். "அமெரிக்கக் கம்பனி பதிந்து தருகிறேன், ஸ்ட்ரைப் உங்கள் பெயரிலேயே வரும்" என்பார்கள். பதியலாம், பொய்யில்லை. டெலவேர் மாநிலத்தில் எல்.எல்.சி. வகைக் கம்பனியாகப் பதிந்தால் வருடம் 300 டொலர் வரி, ஜூன் 1க்குள் கட்ட வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டவர் ஒருவருக்கே சொந்தமான கம்பனி 5472 என்ற படிவத்தை அமெரிக்க வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கத் தவறினால் 25,000 டொலர் தண்டம் என்பதையும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஓய்வில் இருந்தாலும் அந்தக் கணக்கு ஓடும். களைத்திருக்கும் இந்த நேரத்தில் புதிதாக எதையும் பதிய வேண்டாம்.

பாஸ்வேர்ட் கேட்பவருக்கு வருவோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். உள்ளே போகிறவர் ஒரே நிமிடத்தில் 1,400 முகவரியையும் இறக்கிவிடலாம். அடுத்த மாதம் உங்கள் வாசகருக்குக் காணி விளம்பரம் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் போன முகவரியை அது திருப்பிக் கொண்டுவராது. அப்புறம், உங்கள் பெயரில் இன்னொருவர் எழுதுவதை உங்கள் வாசகர் இரண்டாவது பந்தியிலேயே கண்டுபிடிப்பார்.

முகவரிப் பட்டியலை நீங்களே இறக்கி, உங்கள் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ரெவ்யூ என்ற மின்மடல் தளம் 2023 ஜனவரியில் மூடப்பட்டது, டைனிலெட்டர் 2024 பெப்ரவரியில். பட்டியல் கையில் இருந்தவர்கள் வேறு இடத்துக்குப் போய் எழுதினார்கள்.

அறிவிப்பைச் சிறிதாக எழுதுங்கள். ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை வெட்டிவிடும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் நாம் அந்த எல்லையைச் சீக்கிரம் தொட்டுவிடுவோம். முக்கிய செய்தி முதல் பந்தியில் இருக்கட்டும்: எதுவரை ஓய்வு, காசு கழியாது. அம்மாவின் நோய் விபரம் தேவையில்லை.

திரும்பி வரும்போது முதல் மடல் இலவசமாகப் போகட்டும். "அடுத்த கிழமை சந்தா மீண்டும் தொடங்கும்" என்று அதில் சொல்லி, ஒரு கிழமை விட்டுக் கட்டணத்தைத் திறவுங்கள். மூன்று மாத இடைவெளியால் மடல் ஸ்பாமுக்குப் போகும் என்று பயப்படத் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போனால் வேறு கதை, அப்போது எழுதுங்கள்.

காசை நிறுத்திய கையோடு மச்சாளிடம் பேசுங்கள். ஸ்ட்ரைப் அடையாளப் பத்திரம் கேட்டு அனுப்பும் ஈமெயில் அவருக்குத்தான் வரும், அவர் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடக் கூடாது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் போதுமா என்றும் கேளுங்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை ஒன்பதரை, கோடையில் பத்தரை. இன்றைக்கே எடுக்கலாம்.