தேயிலை இல்லாத தேநீர் மணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரெஞ்சு சென்ட் கலைஞர் ழான்-குளோத் எலெனா தேநீர் மணத்தில் ஒரு சென்ட் செய்தாராமே, அதில் தேயிலைச் சாறு எவ்வளவு?

பதில்: தேயிலையே வேண்டியதில்லை. 1992இல் பல்காரி நிறுவனத்துக்கு அவர் செய்த சென்ட் அது. அதில் தேநீரை நினைவூட்டுபவை முக்கியமாக இரண்டு பொருள்கள்: மல்லிகையின் மென்மை கொண்ட ஹெடியோன், வயலெட் பூவின் மணமுள்ள அயனோன்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஹெடியோன் 1 கிராமை 9 கிராம் எத்தனால் என்னும் ஆல்கஹாலில் கரையுங்கள். அயனோனின் ஒரு வகையான பீட்டா அயனோனுக்கு வீரியம் அதிகம், அதனால் 0.1 கிராமுக்கு 9.9 கிராம் எத்தனால். இரண்டு உறிஞ்சுதாள் பட்டைகளை எடுத்து, ஒன்றின் நுனியை ஒரு கரைசலிலும் மற்றதன் நுனியை மற்றக் கரைசலிலும் அரை சென்டிமீட்டர் நனையுங்கள். ஆல்கஹால் ஆவியாக ஒரு நிமிடம் விட்டு, முதலில் தனித்தனியாக முகருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, மூக்குக்குச் சற்றுத் தள்ளி விசிறுங்கள். பூ மணம் பின்வாங்கி, வெளிறிய தேநீரின் சாயல் எழும்.

அயனோன் பட்டையை மட்டும் விடாமல் முகர்ந்தால் மணமே தீர்ந்துபோனது போலிருக்கும். தீர்ந்தது மணமல்ல, மூக்குதான் மரத்துப்போகிறது. சற்று விலகி வந்தால் மறுபடி தெரியும். இன்னொன்று: மரபணு வேறுபாட்டால் சிலருக்குப் பீட்டா அயனோன் வயலெட் போலத் தெரியாது, புளிப்பாகவோ நெடியாகவோ படும். மணம் பிடிபடவில்லை என்று அளவைக் கூட்டுமுன் இன்னொருவரிடம் முகரக் கொடுங்கள்.

கேள்வி: இத்தனை அனுபவம் உள்ளவர் குறைவான பொருள்களிலேயே வேலை செய்வது ஏன்?

பதில்: இந்தத் தொழிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப்பொருள்கள் உண்டு. பிரான்சில் சென்ட் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் நகரத்துக்காரரான எலெனா, 1976இல் வான் கிளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற நகை நிறுவனத்துக்குச் செய்த ‘ஃபர்ஸ்ட்’ செழுமையான, அடர்த்தியான சென்ட். பிற்காலத்தில் தம் பட்டியலைச் சுமார் 200 பொருள்களாகச் சுருக்கிக்கொண்டார். 2004 முதல் 2016 வரை ஹெர்மெஸ் நிறுவனத்தின் கலைஞராக இருந்தபோது செய்தவற்றில் அந்தச் சிக்கனம் தெரியும். இது சோம்பல் அல்ல. பத்துப் பொருள்களில் ஒன்றை மாற்றினால் விளைவு உடனே தெரியும். எண்பதில் ஒன்றை மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: கேரள மழையை வைத்து அவர் செய்த சென்ட்டில் மண்வாசனை உண்டா?

பதில்: 2008இல் ஹெர்மெஸ் வெளியிட்டது அது. அதில் முன்னால் நிற்பது மண்வாசனை அல்ல; ஏலக்காய், கொத்தமல்லி, மிளகு, இஞ்சி, கூடவே வெட்டிவேர். கேரளம் என்றதும் மசாலாவின் சூட்டைக் காட்டுவது சுலபம். அவர் அதே பொருள்களைக் குளிர்ச்சியாக்கினார். ஏலக்காயில் சினியோல் என்னும் வாசனைப் பொருள் நிறைய இருக்கிறது. யூகலிப்டஸ் தைலத்தின் குளுமைக்கும் அதுதான் காரணம். இஞ்சியின் காரம் தரும் பொருள்கள் நீராவியோடு ஏறி வருவதில்லை, ஆகவே வடித்த தைலத்தில் காரம் இருக்காது. ஓர் ஊரின் மணத்தைச் செய்ய அங்குள்ள எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: வீட்டில் செய்யும் சென்ட் கலங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: தண்ணீர் கூடிவிட்டது, அல்லது அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற தைலங்களில் இருக்கும் டெர்பீன்கள் என்னும் எண்ணெய்ப் பொருள்கள் தண்ணீரைக் கண்டால் பிரிந்து வெண்மையாகும். 100 கிராமுக்கு 12 கிராம் வாசனைக் கலவை, 83 கிராம் எத்தனால் என்று கலந்து, இருட்டான குளிர்ந்த இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாக, 5 கிராமுக்கு மிகாமல் விடுங்கள். கலங்க ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திக் கொஞ்சம் எத்தனால் சேருங்கள். ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் வைத்து, குளிர்ச்சி போகுமுன் வடிதாளில் வடிகட்டுங்கள்.

துளிக்கணக்கில் அளக்காதீர்கள். கெட்டியான தைலத்தின் துளியும் நீர்த்த தைலத்தின் துளியும் ஒரே எடை இல்லை. 0.01 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள். நெருப்பு எரியும் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.