‘தேன் மீ’ என்றால் தப்பா?

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘மை பிரதர் இஸ் டாலர் தேன் மீ’ என்று எழுதினாள். ‘மீ’யைச் சுழித்து ‘ஐ’ என்று திருத்தி, அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார் ஆசிரியர். ஆங்கிலப் படங்களில் ‘தேன் மீ’ என்றுதானே பேசுகிறார்கள்? எது சரி?
— சின்னாளபட்டி வாசகி

பதில்: முப்பத்தொரு வருஷம் சிவப்பு மைப் பேனா பிடித்தவன் நான். அந்த ‘மீ’யை எத்தனை நோட்டுகளில் சுழித்தேனோ! ஒருமுறை ஒரு பையன் எழுந்து, “தேன்ல ஈதானே சார் மொய்க்கும், அதான் ‘மீ’ போட்டேன்” என்றான். சிரித்துவிட்டு அவனுக்கும் அரை மதிப்பெண்ணைக் குறைத்தேன். பாவம் பண்ணினேன் அம்மா. அவன் எழுதியதும் ஆங்கிலம்தான்.

‘ஐ’ கட்சிக்காரர்கள் சொல்வது இது: வாக்கியத்தின் கடைசியில் ‘ஆம்’ என்ற வினை மறைந்து நிற்கிறது. ‘தேன் ஐ ஆம்’ என்போமே தவிர ‘தேன் மீ ஆம்’ என்போமா? 1762-இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் தம் இலக்கண நூலில் இப்படித்தான் விதி சொன்னார். ஆனால் அவருக்கு நூற்றைம்பது வருஷம் முன்பே, ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் காஷியஸ் ‘நோ மைட்டியர் தேன் தைசெல்ஃப் ஆர் மீ’ என்று பேசியாகிவிட்டது. ஷேக்ஸ்பியருக்கும் அரை மதிப்பெண் போச்சு! இன்றைய பெரிய அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. நமக்கு ‘மீ’ சட்டென்று வருவதில் வியப்பும் இல்லை. தமிழில் ‘நான்விட’ கிடையாதே, ‘என்னைவிட’தானே.

உண்மையில் கவனம் வேண்டியது வேறு இடத்தில். எங்கள் வீட்டில் ஒரு பூனை உண்டு. ‘மை வைஃப் லவ்ஸ் த கேட் மோர் தேன் ஐ’ என்றால், பூனைமேல் எனக்கு இருக்கும் பிரியத்தைவிட அவளுக்கு அதிகம் என்று பொருள். ‘தேன் மீ’ என்று முடித்தாலோ, என்னைவிடப் பூனைதான் அவளுக்கு உசத்தி என்றும் ஆகிவிடும். (பால் பங்கீட்டைப் பார்த்தால் இரண்டாவதுதான் நிஜம்.) தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு: ‘என்னைவிட அவள் பூனையை நேசிக்கிறாள்’ என்பதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். இப்படி நேசிப்பது, நம்புவது, உதவுவது என்று செயப்படுபொருள் வரும் இடங்களில் ‘மோர் தேன் ஐ டூ’, ‘மோர் தேன் ஷீ லவ்ஸ் மீ’ என்று வினையையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது. உயரம், வயது பற்றிப் பேசும்போது இந்தக் குழப்பமே வராது. ‘ஆஸ் டால் ஆஸ்’ஸுக்கும் இதே கதைதான்.

அரை மதிப்பெண்ணுக்காகப் பள்ளிக்கூடம் போய் நிற்காதீர்கள். பரீட்சையில் மட்டும் ‘தேன் ஐ ஆம்’ என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அண்ணனோடு சண்டை போடும்போது ‘தேன் மீ’ என்றே கத்தட்டும்.